இருநூறு எண்களால் ஆன தந்தி

காவடிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மொரீஷியஸின் காத்ர் போர்ன் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். வீட்டுக் கணினியில் முருகன் பாட்டு ஒன்றுக்கு இசை அமைத்திருக்கிறாராம். வீணை மாதிரி ஒரு தந்தி, அடியில் ரவான் என்ற தோல் கருவியின் தாளம். அதன் மேல் பாட்டியைப் பாட வைக்கப் போகிறார். இதுவரை சரி. ஸ்பீக்கருக்கு முன்னால் கைப்பேசியை வைத்து இசையைப் பதிவு செய்கிறார், தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. மழை விட்டால் பக்கத்து வீட்டு நாய். நாய் ஓய்ந்தால் பேருந்து. “சார், இந்த ஊரில் சத்தமில்லாத ஒரு மணி நேரம் எப்போது கிடைக்கும்?” என்று கேட்டிருந்தார்.

ஜனவரி மாத மொரீஷியஸில் அப்படி ஒரு மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு அது தேவையே இல்லை. கணினிக்குள் பிறந்த இசையைக் காற்றில் விட்டு, மைக்கால் மறுபடி பிடித்து வருவது, கிணற்று நீரைத் தெருவில் ஊற்றி அப்புறம் துணியால் ஒற்றிப் பிழிவது போன்ற வேலை.

நானும் ஒரு காலத்தில் ஏறக்குறைய இதைத்தான் செய்தேன். மைக் இல்லாமல், சவுண்ட் கார்டு வெளியே அனுப்புவதை அப்படியே உள்ளுக்குத் திருப்பிப் பதிவு செய்வேன். மழை நுழையாது என்று பெருமை வேறு. இருபது குறுந்தட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, சரணத்தின் நடுவில் மின்னஞ்சல் வந்ததற்கான ‘டிங்’ ஒலி பதிவாகியிருக்கிறது. ஒரு பாட்டி அதைக் கோயில் மணி என்றே நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

நம் வாசகி தயாரித்திருப்பது ஒரு மிடி கோப்பு. 1983-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட முறை அது. அதற்குள் ஒலி என்று எதுவும் கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது தொடங்கி எப்போது விட வேண்டும் என்ற கட்டளைகள்தாம் இருக்கின்றன. சுரத்துக்கு 0 முதல் 127 வரை ஓர் எண், அழுத்தத்துக்கும் அப்படியே. 69 என்றால் 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 அதிர்வு. பாட்டு வாத்தியார் நோட்டில் எழுதித் தரும் சுரக் குறிப்பு போல. நோட்டு பாடாது, யாராவது பார்த்துப் பாட வேண்டும். இங்கே பாடுவது சிந்தசைசர் என்ற மென்பொருள்.

அது பாடுவதென்றால் என்ன? எண்களை எழுதுவது. ஒரு நொடிக்கு 44,100 எண்கள், ஸ்டீரியோ என்றால் இரண்டு வரிசை. ஒவ்வொன்றும் -32,768 முதல் 32,767 வரை எங்கேயோ ஒரு மதிப்பு. அந்த நேரத்தில் ஸ்பீக்கரின் சவ்வு முன்னால் இருக்க வேண்டுமா பின்னால் இருக்க வேண்டுமா என்பதுதான் அந்த எண். நிமிடத்துக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் பைட்டுக்கு மேல் வரும்.

44,100 ஏன்? நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும், அதைப் பிடிக்க இரண்டு மடங்குக்கு மேல் எண்கள் வேண்டும் என்பது ஒரு பாதி. மறுபாதி பழைய வீடியோ நாடா. ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க அதுதான் கைக்குக் கிடைத்தது. ஒரு கோட்டுக்கு மூன்று எண் வீதம் வைத்தால், ஒரு வகை நாடாவில் நொடிக்கு 60 காட்சி, காட்சிக்கு 245 கோடு, ஆக 60 × 245 × 3; இன்னொரு வகையில் 50 × 294 × 3. இரண்டும் 44,100. இந்த எண் 2, 3, 5, 7 ஆகியவற்றைப் பெருக்கி வர்க்கம் எடுத்தாலும் வரும். எண்கணித ஜோசியர்கள் கண்ணில் இது இன்னும் படவில்லை என்று நம்புகிறேன்.

இதெல்லாம் முன்னுரை. எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அந்த எண்களை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவருகிறது? நிஜ வீணையின் துண்டு ஒலிகளைச் சேமித்து வைத்து ஒட்டுவது ஒரு வழி. சவுண்ட்ஃபான்ட் என்பது அதுதான். இன்னொரு வழியில் வீணையே வேண்டாம். ஒரு பிடி குப்பை எண்கள் போதும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் ஸ்ட்ராங் இதைக் கண்டுபிடித்தார். அது ஏன் வேலை செய்கிறது என்று கெவின் கார்ப்ளஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். 1983-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். செய்முறை இவ்வளவுதான்: இருநூறு எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு தாறுமாறாக எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக வாசியுங்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும், ஓர் எண்ணை வாசித்தவுடன் அதன் இடத்தில் அதற்கும் பக்கத்து எண்ணுக்கும் சராசரியை எழுதிவிடுங்கள்.

கையால் போட்டுப் பார்ப்போம். 80, -60, 40, -100, 20 என்று ஐந்து எண்கள். பக்கத்துப் பக்கத்து சராசரி 10, -10, -30, -40. முதலில் ஓர் எண்ணிலிருந்து அடுத்ததற்குத் தாவல் 140, 100, 140, 120 என்று இருந்தது. ஒரே சுற்றில் அது 20, 20, 10 ஆகிவிட்டது. மேடு பள்ளமான கரடுமுரடு போய் வழவழப்பான வளைவு வருகிறது. காதுக்கு எப்படி இருக்கும் என்றால், முதல் கணத்தில் ‘டங்’ என்று நகம் பட்ட கூர்மை, அப்புறம் மெதுவாக மென்மையாகி அடங்கும் நாதம். தந்தியைச் சுண்டினால் எழும் ஒலியேதான். முதன்முதலில் இதை ஓடவிட்ட இரவில் நான் சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

காரணம் தந்தியில் இருக்கிறது. சுண்டியதும் அலை, தந்தியைத் தாங்கும் குதிரை வரை ஓடி, மோதி, திரும்பி, விரல் அழுத்தும் மெட்டு வரை வந்து மறுபடி திரும்புகிறது. நம் இருநூறு எண்களின் சுற்று அந்த ஓட்டத்தைப் போலவேதான். ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் சக்தி கரைகிறது. வேகமாக நெளியும் சிறு அலைகள் அதிகமாகவும் நிதானமான பெரிய அலை குறைவாகவும் கரையும். பக்கத்து எண்களைச் சராசரி எடுப்பதும் இதையே செய்கிறது. விரைந்து மாறுவது அழியும், மெல்ல மாறுவது தப்பும். சுற்று சிறியதாக இருந்தால் சுருதி ஏறும், நாதமும் விரைவில் அடங்கும். ஒரு ஸ்தாயி மேலே போனால் அடிநாதம் எட்டு மடங்கு சீக்கிரம் கரைந்துவிடும். மந்திர ஸ்தாயித் தந்தி நீண்டு முழங்கும், தார ஸ்தாயி டிக்கென்று நின்றுவிடும். இதையெல்லாம் யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை, ஒரு கூட்டலும் பாதியாக்குதலும் கொடுத்தது. பாதியாக்குவது கணினிக்கு 0, 1 என்ற இலக்கங்களை ஓர் இடம் நகர்த்தும் வேலை. பெருக்கல்கூட வேண்டாம். அக்காலத்துச் சின்னஞ்சிறு சில்லுகளாலும் முடிந்தது இதனால்தான்.

சுருதிக்கும் கணக்கு உண்டு. 44,100-ஐ 200.5 ஆல் வகுத்தால் 219.95 ஹெர்ட்ஸ். 220-க்கு வெகு அருகில். அந்த அரை, சராசரி எடுப்பதால் விழும் அரை எண் அளவு தாமதம். கீழே எல்லாம் சுகம்தான், மேலே போனால் வம்பு. 43 எண்கள் வைத்தால் 1,013.8 ஹெர்ட்ஸ், 44 வைத்தால் 991. நடுவில் எதுவும் கிடையாது, நாற்பத்து மூன்றரை எண்களை வைக்க முடியாதே. இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு இடைவெளி. மேற்கத்தியப் பாட்டே அபஸ்வரமாகும், நம் கமகத்தைக் கேட்கவே வேண்டாம். வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் படிக்கட்டு ஏறும். அதே 1983-இல் டேவிட் ஜாஃபியும் ஜூலியஸ் ஸ்மித்தும் சுற்றுக்குள் ஒரு சின்ன வடிகட்டியைச் சேர்த்து, முழு எண்ணுக்கு மேல் கால், அரை என்று பின்ன அளவு தாமதத்தையும் வரவழைத்தார்கள். அப்புறம்தான் அந்தத் தந்தியை நிம்மதியாக இழுத்து வாசிக்க முடிந்தது.

ரவானை மறக்கவில்லை. மேலே சொன்ன சராசரியை எழுதும்போதெல்லாம் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் அப்படியே, பூ விழுந்தால் கழித்தல் குறி போட்டு எழுதுங்கள். அவ்வளவுதான், தந்தி காணாமல் போய் தோல் கருவி வந்துவிடும். குறி மாறிக்கொண்டே இருப்பதால் சுருதி நிலைக்காது, ‘தொம்’ என்ற அடி மட்டும் மிஞ்சும். ஆட்டுத்தோலைத் தீயில் காட்டி விறைப்பேற்றும் ரவான் வாசிப்பவர் யாராவது இதைக் கேட்டால் சிரிப்பார், அது நியாயம்தான். அந்தச் சூடேறிய தோலின் மணம் இதில் இல்லை. ஆனாலும் ஒரு நாணயத்துக்கு இது பெரிய காரியம்.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் என்ன எழுதிக் கேட்பது? ‘குப்பை எண்களைச் சராசரி எடுக்கப் போகிறேன்’ என்றா? அதே ஸ்டான்ஃபோர்டில் 1967-இல் ஜான் சௌனிங், சுரத்தை மேலும் கீழும் அசைக்கும் வைப்ராட்டோவை அளவுக்கு மீறி வேகமாக்கிப் பார்த்துப் புதிய ஒலிகளைக் கண்டார். பின்னாளில் யமஹா நிறுவனம் அதற்கு உரிமம் வாங்கி, 1983-இல் டிஎக்ஸ்7 என்ற கருவியாக விற்றுத் தீர்த்தது. ‘எதிர்பார்க்கும் பயன்’ என்று விண்ணப்பத்தில் இருக்கும் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவர்கள் அதில் என்ன நிரப்பியிருப்பார்கள் என்று யோசிப்பேன்.

பணம் வேறு எங்கோ தாராளமாகப் போகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். பக்திப் பாட்டை 440-க்குப் பதில் 432 ஹெர்ட்ஸில் பதிவு செய்தால் நோய் தீரும், அது பிரபஞ்சத்தின் சுருதி என்று சொல்லி எனக்கே ஒருவர் கோப்பு விற்கப் பார்த்தார். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. நொடியோ, மனிதன் ஒரு நாளை 86,400 ஆகக் கூறு போட்டுப் பிறந்தது. நாளை நாழிகையும் விநாழிகையுமாக மட்டுமே பிரித்திருந்தால் அந்த 432 வேறு எண்ணாக இருந்திருக்கும். அப்போது பிரபஞ்சம் என்ன செய்யும்? கச்சேரிக்கு வருகிற பாடகர் தன் தொண்டைக்கு ஏற்பச் சுருதி வைத்துக்கொள்கிறார், முருகன் அவரைக் கோபித்ததாகத் தெரியவில்லை.

சரி, நம் வாசகியின் வேலைக்கு வருவோம். ஸ்பீக்கரில் கேட்கும்போது சவுண்ட் கார்டு எண்களைத் தவணை தவணையாகக் கேட்கும். தவணைக்கு 512 எண்கள் என்றால், 11.6 மில்லி நொடிக்கு ஒரு முறை கை நீட்டுகிறது. கணினி அதற்குள் கொடுக்காவிட்டால் ‘டக்’ என்று ஒரு வெட்டு. பழைய கணினியில் பதிவு கெடுவது இதனால்தான். கோப்பாக எழுதச் சொன்னால் கை நீட்டி நிற்க யாரும் இல்லை. மெதுவான கணினி மூன்று நிமிடப் பாட்டைக் கால் மணி நேரம் எடுத்து எழுதும், வேகமானது சில நொடிகளில் முடிக்கும், தரத்தில் வித்தியாசம் இருக்காது. இதில் காதும் இல்லை, காற்றும் இல்லை. ‘பதிவு’ என்று சொல்கிறோமே தவிர, நடப்பது கணக்கு எழுதுவது.

மென்பொருளின் பட்டியலில் எக்ஸ்போர்ட் அல்லது ரெண்டர் என்று இருக்கும், அதை அழுத்தி வேவ் கோப்பாக எடுக்க வேண்டும். மிடி கோப்பு மட்டும் கையில் இருந்தால் ஃப்ளூயிட்சின்த் என்ற இலவச மென்பொருள், ஒரு சவுண்ட்ஃபான்டைக் கொடுத்தால் எழுதித் தரும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: வீணையும் ரவானும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனால் கூட்டல் 32,767-ஐத் தாண்டும். தாண்டியது வெட்டப்படும், அலையின் தலை தட்டையாகிக் கரகரக்கும். ஆகவே மொத்த ஒலியைக் கொஞ்சம் இறக்கி எழுதுங்கள். எம்பி3 ஆக்குவது கடைசியில்தான், அது கேட்காது என்று கருதும் விவரங்களை வீசிவிடுகிறது, திரும்பக் கிடைக்காது. நடுவில் மின்சாரம் போனால் கவலை வேண்டாம், வந்ததும் மறுபடி எழுதச் சொன்னால் போதும்.

பாட்டியின் குரலுக்கு மட்டும் மைக் வேண்டும். அதற்கு மழை விடும் வரை காத்திருக்கத்தான் வேண்டும், நாயையும் யாராவது கொஞ்ச நேரம் வெளியே கூட்டிப் போகட்டும்.