கோபுரத்தை வரையாமல் மதுரையை வரைவது

மதுரையில் லோகோ, கல்யாணப் பத்திரிகை, பிளவுஸ் டிசைன், கடைப் பலகை என்று எதைக் கேட்டாலும் கோபுரம், மீன், மல்லிகை மூன்றில் ஒன்று வந்து நிற்கும். கண்ணில் பட்டதன் உருவத்தை அப்படியே தூக்கிப் போடுவதால் வரும் வினை இது. உருவத்தை விட்டுவிட்டு, அது என்ன கணக்கில் உண்டாகிறது என்று பாருங்கள். வீட்டு வாசலிலேயே பல வருஷத்துக்கு வேலை கிடக்கிறது.

சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நேர்ப்புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு இடுக்கிலும் கம்பி, அதாவது கோலத்தின் கோடு, குறுக்கே வெட்டிப் போக வேண்டும். 5-க்கு 5 புள்ளி என்றால் ஐந்து தனித்தனிக் கம்பிகள் வரும். 4-க்கு 6 என்றால் இரண்டு. 4-க்கு 5 வைத்தால் ஒரே கம்பி, எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த மீ.பொ.வ.தான்: இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கம்பி.

பிளவுஸ் முதுகில் கயிறு வைத்துத் தைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு காசு. 3-க்கு 4, 4-க்கு 5 மாதிரி எண்களில் போட்டால் கயிற்றை ஒரே ஒரு இடத்தில்தான் வெட்டி மறைக்க வேண்டியிருக்கும். 5-க்கு 5 போட்டால் ஐந்து இடத்தில் முனை துருத்தும், ஐந்து இடத்தில் பிரியும். கயிறு 3 மி.மீ. தடிமன் என்றால் புள்ளிக்குப் புள்ளி 12 மி.மீ.க்குக் குறைக்காதீர்கள். குறைத்தால் வளைவெல்லாம் ஒட்டிக்கொண்டு, தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு திட்டாகத்தான் தெரியும்.

அடுத்தவர் வாசல் கோலத்தைப் படம் எடுப்பதானால், "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கிடவா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் எடுக்கச் சொல்வார்கள். எத்தனை புள்ளி, எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். அது போட்டோவில் கிடைக்காது.

சுங்குடிக்கு வருவோம். மதுரைச் சௌராஷ்டிரச் சமூகத்தார் கையில் வளர்ந்த இந்த வேலைக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைத் துளியூண்டு கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றி, சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரிப்பார்கள். நூல் இறுகிய இடத்தில் சாயம் ஏறாது. அதனால்தான் புள்ளியின் ஓரம் லேசாகக் கசிந்திருக்கும், ஒன்று போல இன்னொன்று இருக்காது, புதுச் சேலையில் முடிச்சு இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்படும். எல்லாப் புள்ளியும் வார்த்தெடுத்த மாதிரி இருந்தால் அது அச்சு. அச்சுச் சேலை விற்பதில் தப்பில்லை, அச்சு என்று சொல்லி விற்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் புள்ளி டிசைன் போடுகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். ஒரு புள்ளியைப் போட்டுவிட்டு ஆயிரம் தடவை காப்பி அடித்தால் துணி செத்துப்போய்க் கிடக்கும். பிரஷ்ஷால் காகிதத்தில் 12 முதல் 15 புள்ளி வரை கையால் வைத்து, ஸ்கேன் செய்து, மாற்றி மாற்றித் தூவுங்கள். இன்னொரு சிக்கல், டிசைன் துண்டுகள் சேரும் இடம். திரையில் தெரியாத கோடு சேலையில் பளிச்சென்று தெரியும். நான்கு துண்டுகளைச் சேர்த்து அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கோடு தெரிந்தால் ஒன்றுவிட்ட செங்குத்து வரிசையைப் பாதித் துண்டு உயரம் கீழே இறக்குங்கள்.

நிறத்துக்குப் பூக்கடை போதும். கதம்பச் சரத்தில் வெள்ளை நிறைய, மரிக்கொழுந்துப் பச்சை கொஞ்சம், கனகாம்பரம் அங்கொன்றும் இங்கொன்றும். வடிவமைப்புப் பாடத்தில் 60-30-10 (முதல் நிறம் நூற்றுக்கு அறுபது, துணை நிறம் முப்பது, எடுப்பான நிறம் பத்து) என்று சொல்லிக்கொடுப்பதைப் பூக்கட்டும் அம்மா பாடம் படிக்காமலே செய்துகொண்டிருக்கிறார். கனகாம்பரத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று நோட்டில் வண்ணம் தீட்டிப் பாருங்கள். கண் வேறெங்கும் போகாது.

பூவின் நிறத்தை மொபைலில் பிடிக்கும்போது ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். கடையின் எல்இடி வெளிச்சத்தில் மொபைல் தானாக நிறத்தை மாற்றிவிடும். பிறகு திருத்தும்போது அந்தக் காகிதம் வெள்ளையாகும் வரை திருத்தினால் பூவும் தன் நிறத்துக்கு வந்துவிடும். திரையில் மின்னும் கிளிப்பச்சை ஃப்ளெக்ஸ் மையில் மங்கிப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓர் அடி மாதிரித் துண்டு அடித்துப் பார்க்காமல் இருபதடிப் பேனருக்குச் சரி சொல்ல வேண்டாம்.

டிரெண்ட் விஷயத்தில் அதிகம் பதற வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு நிறத்தை 'இந்த ஆண்டின் நிறம்' என்று அறிவிக்கும் பேன்டோன் நிறுவனம் 2023-க்கு விவா மெஜந்தா, 2024-க்குப் பீச் ஃபஸ், 2025-க்கு மோக்கா மூஸ் என்ற பழுப்பு என அறிவித்தது. வருஷா வருஷம் மாறுகிற ஒன்றை, பத்து வருஷம் தொங்கப்போகும் கடைப் பலகையில் ஏற்றுவது வீண் செலவு. பத்திரிகைக்கும் ஸ்டேட்டஸ் படத்துக்கும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மோக்கா மூஸ் நம் கண்ணுக்குப் பால் விட்ட சுக்குக் காப்பி, அவ்வளவுதான்.

மனிதர்களிடம் கேட்கத் தெரிவதுதான் எல்லாவற்றிலும் கடினம். "என்ன கலர் வேணும்?" என்று கேட்டால் வாடிக்கையாளர் மொபைலில் ஒரு படத்தைக் காட்டுவார். "உங்க அப்பத்தா கல்யாணச் சேலை என்ன கலருன்னு சொல்வாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போகும். சித்திரைத் திருவிழாவில் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்று ஊரே காத்திருக்கிறது. பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு என்பது நம்பிக்கை. இந்த ஊரில் பச்சை வெறும் பச்சை இல்லை. கறுப்பைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்கள் உள்ள வீட்டுக்குக் கறுப்புப் பத்திரிகை அடித்துக் கொடுத்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் மறு அச்சுச் செலவு யார் தலையில் என்ற பேச்சில்தான் முடியும். ஆகவே டிசைனைத் திறப்பதற்கு முன், வேண்டாத நிறம் எது என்று வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.