டீ குடித்து வருவதற்குள் கார் ஏன் முரண்டு பிடிக்கிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காலையில் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்கிறது. மதுரை போய்த் திரும்பும்போது கப்பலூரில் டீக்கு நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. டீசல் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். பம்புக்குக் காசு எடுப்பதற்கு முன், ஒரே அளவுள்ள நான்கு காலி பாட்டில்களைத் தேடி வையுங்கள். எதற்கு என்பது கடைசியில் புரியும்.

அந்த வண்டியின் பானட்டுக்குள் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சின். போர் (சிலிண்டரின் விட்டம்) 69.6 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 82 மில்லிமீட்டர், நான்கு சிலிண்டர், மொத்தம் 1248 சிசி. பதினாறு வால்வு, அவற்றைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் இரண்டு, அவற்றைச் சுழற்ற டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின். 2003-ல் ஐரோப்பாவில் அறிமுகமானது. மாருதிக்காக உரிமம் பெற்று மானேசரில் தயாரித்தார்கள். ஃபியட்டும் டாடாவும் கூட்டுச் சேர்ந்து புனே பக்கம் ரஞ்சன்காவில் தயாரித்தன. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, அந்தப் பக்கம் இண்டிகா விஸ்டா, மான்ஸா, ஜெஸ்ட், புன்டோ, லீனியா என எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். மாருதி டிடிஐஎஸ் என்று பெயர் வைத்தது, டாடா குவாட்ராஜெட் என்றது. 'தேசிய எஞ்சின்' என்று கேலியாகவும் பெருமையாகவும் சொல்வார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசலையே கைவிட்டது. மாட்டுத்தாவணி டாக்ஸி ஸ்டாண்டில் நின்று பார்த்தால் அது கைவிடப்பட்ட எஞ்சின் என்று தோன்றாது.

டர்போவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, உள்ளே போகும் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி அது. சாதா டர்போ வைத்தது 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். இறக்கைகளின் கோணம் மாறும் டர்போ வைத்தது 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். நம் கதை டர்போவில் இல்லை, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் இருக்கிறது.

கணக்கு ஒன்று போடுவோம். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்ற இடத்தில் ஓடும்போது, எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர்களுக்கு டீசல் போக வேண்டும். மணிக்கு 96,000 தடவை. அந்த ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் செலவானால், ஒரு தடவைக்கு 5 கன மில்லிமீட்டர் சொச்சம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 50 கன மில்லிமீட்டர். ஆக, சொட்டைப் பத்தாகப் பிரித்து அதில் ஒரு பங்கு.

அந்த ஒரு பங்கையும் மல்டிஜெட் ஒரே மூச்சில் அடிப்பதில்லை. முதலில் கடுகளவு விட்டுச் சிலிண்டருக்குள் தீயை மூட்டிக்கொண்டு, பிறகுதான் பெரிய பங்கை அனுப்புகிறது. தேவைப்பட்டால் ஒரு சுழற்சிக்கு ஐந்து தடவை வரை பிரித்து அடிக்கும். பழைய டீசல் வண்டிகளின் 'டகடக' சத்தம், மொத்த டீசலும் தாமதித்து ஒரே நேரத்தில் பற்றிக்கொள்வதால் வந்தது. முன்கூட்டியே ஒரு கடுகைத் தூவினால் அந்தச் சத்தம் அடங்குகிறது. 2000 ஆர்பிஎம்-மில் (நிமிஷத்துக்கு 2000 சுற்று) எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் 83 மைக்ரோ விநாடி. இந்தத் தூவலும் அடியும் சில டிகிரிக்குள் நடந்து முடிய வேண்டும்.

அதுவும் எந்த அழுத்தத்தில்? பம்ப் அழுத்தி அனுப்பும் டீசல் முதலில் ரெயில் என்ற பொதுக் குழாயில் சேர்ந்து, அங்கிருந்து நான்கு இன்ஜெக்டருக்கும் பிரிகிறது. இந்த எஞ்சினின் ஆரம்ப வகைகளில் ரெயிலில் 1400 பார் வரை ஏறும், பிந்தியவற்றில் 1600. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒன்றரை டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டரின் ஊசியை மேலிருந்து அமுக்கிக்கொண்டிருக்கும் தண்டு நான்கு மில்லிமீட்டர் சொச்சம்தான் தடிமன். அதன் தலையில் உட்கார்ந்திருப்பது 200 கிலோ. இன்ஜெக்டரைத் திறக்க வைத்திருப்பது மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் ஒரு காயில். கட்டைவிரல் அளவு காயிலால் 200 கிலோவைத் தூக்க முடியுமா? முடியாது. தூக்கவும் இல்லை. இங்கேதான் அழகே இருக்கிறது.

கண்மாய் மடையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மடைத்துளை சிறிதாக இருப்பதால்தான் கண்மாய் நிறைந்து நிற்கும்போதும் ஒரே ஆள் அடைப்பை இழுத்துத் திறக்க முடிகிறது. துளையை ஆள் நுழையும் அளவுக்கு வெட்டியிருந்தால் பத்துப் பேர் சேர்ந்தாலும் அடைப்பு அசையாது. தண்ணீரின் ஆழம் அதேதான். அது அமுக்குகிற பரப்புதான் வேறு.

இன்ஜெக்டருக்குள் ரெயில் டீசல் இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஒன்று, கீழே ஊசி முனையைச் சுற்றி. அது ஊசியை மேலே தள்ளப் பார்க்கிறது. இன்னொன்று, ஒரு நுண்துளை வழியாக மேலே உள்ள குட்டி அறைக்கு. அது தண்டின் தலையை அமுக்குகிறது. இரண்டு இடத்திலும் அழுத்தம் ஒன்றே, ஆனால் மேலே பரப்பு அதிகம், ஸ்பிரிங்கும் துணைக்கு இருக்கிறது. எனவே ஊசி மூடியே கிடக்கிறது.

குட்டி அறையின் கூரையில் இன்னொரு நுண்துளை உண்டு. அதை ஒரு சின்னஞ்சிறு எஃகு உருண்டை அடைத்திருக்கிறது. இதுதான் நம் மடை. துளை அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது என்பதால் உருண்டையை எதிர்க்கும் விசை இரண்டு மூன்று கிலோதான். காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் உருண்டை ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு எழும்புகிறது. அறையிலிருந்த டீசல் மேலே தப்பி ஓடுகிறது. வெளியேறும் துளை, உள்ளே வரும் துளையைவிடச் சற்றுப் பெரிது. அதனால் வரவைவிடச் செலவு மிஞ்சி அறையில் அழுத்தம் சரிகிறது. தலையில் இருந்த பாரம் குறைந்ததும் கீழே காத்திருந்த அழுத்தம் ஊசியைத் தூக்கிவிடுகிறது, டீசல் பீய்ச்சுகிறது. மின்சாரம் நின்றதும் உருண்டை உட்கார்ந்துவிடும், அறை நிரம்பும், ஊசி இறங்கும். 200 கிலோவைத் தூக்கியது டீசலேதான். காயில் கதவைத் திறந்துவிட்டதோடு சரி.

ரெயிலும் இன்ஜெக்டரும் சேர்ந்த இந்த ஏற்பாட்டை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தது ஃபியட்டின் ஆராய்ச்சி மையமும் ஃபியட் குழுமத்தின் உதிரிபாக நிறுவனமான மேக்னெட்டி மரெல்லியும். சந்தைக்குக் கொண்டுபோகக் காசு போடாமல் 1994-ல் அதை ஜெர்மனியின் போஷ் நிறுவனத்துக்கு விற்றார்கள். 1997-ல் ஃபியட் குழுமத்தின் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அது ஓடத் தொடங்கியபோது, ஃபியட் தன் சொந்த மூளையில் பிறந்த சாமானை விலைக்கு வாங்கிப் பொருத்த வேண்டியதாயிற்று. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் கடைசிக் கட்டத்தில் கையை இழுத்துக்கொள்வது நமக்கு மட்டுமே உரிய வியாதி இல்லை என்பதில் ஓர் அற்ப ஆறுதல்.

சரி, மேலே தப்பி ஓடிய டீசல் எங்கே போகிறது? ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்பப் போகிறது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் இப்படித் திரும்புவது இயல்பு. ஃபில்டரைத் தாண்டிய தூசி, டீசலில் கலந்த தண்ணீர், மண்ணெண்ணெய்க் கலப்படம் எல்லாம் உருண்டை உட்காரும் இடத்தை அரித்துவிட்டால், மின்சாரமே இல்லாத நேரத்திலும் ஒழுக்கு நிற்காது. பட்டறையில் இதைத்தான் 'ரிட்டர்ன் அடிக்குது' என்கிறார்கள்.

இப்போது கப்பலூர் டீக்கடைக்கு வருவோம். எஞ்சினை நிறுத்தியதும் கூலன்ட் ஓட்டமும் நின்றுவிடுகிறது. பிளாக்கில் தேங்கிய சூடு மேலே ஏறி பம்ப், ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் வாட்டுகிறது. சித்திரை வெயிலும் சேர்ந்துகொள்ளும். சூடான டீசல் நீர்த்துப்போகும். அரித்த இடத்தில் இன்னும் வேகமாக ஒழுகும். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் இருநூறு, இருநூற்றைம்பது ஆர்பிஎம்-மில்தான் சுற்றுகிறது. கேம்ஷாஃப்ட்டோடு சுற்றும் பம்புக்கு அதிலும் பாதி. அந்த வேகத்தில் அது தள்ளுவதே கொஞ்சம், அதையும் ஒழுக்கு தின்றுவிடுகிறது. ரெயிலில் ஏறக்குறைய 200 பார் சேராதவரை ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டருக்கு மின்சாரமே கொடுக்காது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கிற கதை. ஆறியதும் டீசல் கெட்டிப்பட்டு, ஒழுக்கு குறைந்து, வண்டி பிடித்துக்கொள்கிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் ஸ்டார்ட் ஆகும் என்ற டிரைவர்களின் வைத்தியம் வேலை செய்வதும் இதனால்தான். ஒயர் கனெக்டர்களில் தண்ணீர் விடாமல் செய்தால் தப்பில்லை, ஆனால் அது வைத்தியம் இல்லை, நோயின் அடையாளம்.

முன்பக்கம் தொங்கும் எலுமிச்சம்பழத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அது இன்ஜெக்டரைக் கெடுப்பதில்லை. டீசல் குழாயில் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று விற்கிறார்களே ஒரு காந்தம், அதுதான் எரிச்சல். டீசல் வெறும் ஹைட்ரோகார்பன், காந்தம் அதை ஒன்றும் செய்யாது. அந்தக் காசுக்கு நல்ல டீசல் ஃபில்டர் வாங்கலாம்.

சோதனைக்கு வருவோம். முதலில் ஈசியூவோடு பேசும் ஸ்கேனரை மாட்டி, வண்டி முரண்டு பிடிக்கும் நேரத்திலேயே செல்ஃப் அடித்துப் பாருங்கள். ஆர்பிஎம் பூஜ்யம் காட்டினால் கிராங்க் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். அதுவும் சூட்டில் மயங்கி ஆறினதும் எழுந்திருக்கும் ஆசாமி. ஆர்பிஎம் வந்து ரெயில் அழுத்தம் ஏறாவிட்டால், ஃபில்டரில் தண்ணீர் வடித்து, பழசானால் மாற்றிவிட்டு, பாட்டில்களை எடுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் உள்ள ரிட்டர்ன் கிளிப்பைக் கழற்றி, அங்கே ஒளி ஊடுருவும் குழாய் மாட்டி ஒவ்வொரு பாட்டிலில் விடுங்கள். வண்டிப் பக்கம் திறந்திருக்கும் ரிட்டர்ன் வாயை அடைத்துவிடுங்கள். சூடான எஞ்சினை ஐடிலில் இரண்டு நிமிஷம் ஓட்டினால் போதும். மூன்று பாட்டிலில் ஒரே மட்டம், நான்காவதில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு என்றால் குற்றவாளி அவன்தான். ஸ்டார்ட்டே ஆகாவிட்டால் பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். நல்ல இன்ஜெக்டர் அந்த நேரத்தில் ஏறக்குறைய ஒன்றும் திருப்பாது. எஞ்சின் ஓடும்போது எஃகுக் குழாய்களின் நட்டைத் தளர்த்திவிடாதீர்கள். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசிக்குத்து போலத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

மாற்று இன்ஜெக்டர் வாங்கும்போது 'எல்லாம் ஒரே எஞ்சின்தான்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். உடம்பில் 0445110 என்று தொடங்கும் பத்து இலக்க எண் இருக்கும். கடைசி மூன்று இலக்கமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். 75 குதிரைத்திறன் வண்டிக்கும் 90-க்கும், பிஎஸ்-3-க்கும் பிஎஸ்-4-க்கும் வேறுபடும். தலையில் பொறித்த குறியீட்டை ஸ்கேனர் வழியாக ஈசியூவில் எழுதாவிட்டால் ஐடிலில் தட்டும், புகை தள்ளும். அடியில் போடும் காப்பர் வாஷர் கட்டாயம் புதிதாக இருக்கட்டும். முழு எஞ்சினையே மாற்றச் சொன்னால் இன்னும் சிக்கல்: டர்போ, ஒயரிங், சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் எல்லாம் பொருந்த வேண்டும், ஆர்சியில் உள்ள எஞ்சின் எண்ணையும் மாற்ற வேண்டும்.

ஸ்டார்ட் ஆகாத கோபத்தில் வண்டியைத் தள்ளி கியரில் விட்டுப் பிடிக்க வைப்பதும் கூடாது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஆயில் ஏறுவதற்குள் விழும் அந்தக் குலுக்கலில் செயின் பல் தாண்டினால், வால்வை அமுக்கும் ராக்கர் உடைந்து, இன்ஜெக்டர் செலவு சில்லறைக் காசாகத் தோன்றும். சேம்பரில் மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம் ஆயில்தான் என்பதால், 5டபிள்யூ-30 ஆயிலை 10,000 கிலோமீட்டரைத் தாண்ட விடாமல் மாற்றுவது இந்தச் செயினுக்காகத்தான்.

நான்கு பாட்டிலிலும் கொஞ்சமாக, ஒரே மட்டமாக டீசல் நின்றால் இன்ஜெக்டர்கள் நிரபராதிகள். அப்போதும் நேராக முழு பம்புக்குப் போகாமல், பம்பில் உட்கார்ந்து ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் சரியாக இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரிதான், பம்பை மாற்றுங்கள்.