முதல் மழையில் டயர் ஏன் வழுக்குகிறது?

2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரைக்கு ஹட்டனில் மாமா வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். ஃபார்முலா 1 சீசனின் முதல் ஓட்டம், மெல்பர்ன் ஆல்பர்ட் பார்க்கில். இங்கே வெயில், அங்கே மழை. ஓட்டம் தொடங்கக்கூட இல்லை. கார்கள் வரிசையில் வந்து நிற்பதற்காக ஓட்டும் சுற்றிலேயே, அன்றுதான் முதல் முறையாக ஓட வந்த இசாக் ஹஜாரின் கார் சுழன்று, பின்பக்கமாகப் போய்ச் சுவரில் மோதியது. அழுதுகொண்டு நடந்து வந்த அந்தப் பையனை, இன்னொரு ஓட்டுநரான லூயிஸ் ஹாமில்டனின் அப்பா அணைத்துத் தேற்றினார். எனக்கும் தொண்டை அடைத்தது.

"யாரும் முந்தப் போகலையே மாமா, பிறகு எப்படி வழுக்குது?"

மாமா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். "புது மழைடா. ரோடு இன்னும் கழுவுப்படல" என்றார்.

எங்கள் ரோட்டுக்கு அது நூறு சதவீதம் சரி. ஜனவரி, பெப்ரவரி வெயிலில் லொறியும் பஸ்ஸும் சிந்திய டீசலும் எண்ணெயும், டயரிலிருந்து தேய்ந்த ரப்பர் தூளும், மண்ணும் தார் மேலே படிந்து கிடக்கும். மார்ச்சில் விழும் முதல் தூறல் அவற்றைக் கழுவாது, குழைத்துவிடும். வாகனம் ஓடுவது அந்தக் குழம்பின் மேல். அரை மணி நேரம் நன்றாகக் கொட்டிய பிறகுதான் அது வழிந்தோடி, ரோடு கொஞ்சம் நம்பும்படி ஆகும். ஆனால் மெல்பர்னில் காலையிலிருந்தே மழை. ஹஜார் வழுக்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

டயர் ரோட்டை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று ஒட்டுதல்: ரப்பரின் மூலக்கூறுகளும் ரோட்டுக் கல்லும் மிக நெருங்கும்போது இரண்டுக்கும் நடுவே ஈர்ப்பு உண்டாகிறது. மற்றது அமுங்குதல்: ரோடு சமமாகத் தெரிந்தாலும் முழுக்கக் கல்முனைகள். மிருதுவான ரப்பர் அவற்றின் மேல் அமுங்குகிறது. அமுங்கியது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கம்தான் டயரை வழுக்க விடாமல் பிடித்து வைக்கிறது. மெல்லிய தண்ணீர்ப் படலம் இருந்தாலே முதல் பிடி போய்விடும். இரண்டாவது பிடி ஈரத்திலும் ஓரளவு மிஞ்சும், ரப்பர் சூடேறி இளகியிருந்தால்.

இனி, அந்தத் தண்ணீரை வெளியேற்றும் வேலை. வீட்டு வாசல் சிமெந்துத் தரையில் தண்ணீர் ஊற்றி, பழைய ரப்பர் செருப்பால் மிதித்துப் பாருங்கள். குதிப்பக்கம் தேய்ந்து மழமழவென்று இருக்கும், சர்ரென்று வழுக்கும். கோடுகள் மிஞ்சியிருக்கும் முன்பக்கம் பிடிக்கும். தண்ணீருக்கு வழி விடுவதுதான் அந்தக் கோடுகளின் வேலை. காய்ந்த ரோட்டுக்குக் கோடே வேண்டாம். அதனால்தான் வெயில் நாளில் ஃபார்முலா 1 கார்கள் 'ஸ்லிக்' எனப்படும் மொட்டை டயரில் ஓடுகின்றன: முழு ரப்பரும் ரோட்டில் படும்.

வேகம் கூடும்போது கதை கடுமையாகிறது. மலை ஏறும் பஸ் மணிக்கு 36 கிலோமீற்றரில் போனால் வினாடிக்கு 10 மீற்றர். டயர் தரையில் படும் நீளம் ஒரு சாண் என்று வைத்தால், அடியில் உள்ள தண்ணீர் விலகுவதற்கு ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கிடைக்கிறது. ரேஸ் கார் 252 கிலோமீற்றரில் போனால் அந்த நேரமும் ஏழில் ஒன்றாகச் சுருங்கும். அதோடு, தண்ணீர் டயரைத் தள்ளும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. வேகம் ஏழு மடங்கானால் அழுத்தம் நாற்பத்தொன்பது மடங்கு! பஸ் டன் கணக்கில் பாரம். 2025 ஃபார்முலா 1 காருக்குக் குறைந்தபட்ச எடை வெறும் 800 கிலோ, பின் டயரோ 40 சென்டிமீற்றர் அகலம். நடுவில் மாட்டிய தண்ணீர் ஓரத்துக்கு வருவதற்குள் டயர் அதன்மேல் ஏறி மிதந்துவிடும். அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் ஒன்றுதான்.

இதற்காகவே இரண்டு வகை மழை டயர். 300 கிலோமீற்றர் வேகத்தில் அடைமழை டயர் ஒன்று வினாடிக்கு 85 லீற்றர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். தூறலுக்கான 'இன்டர்மீடியட்' 30 லீற்றர். இன்டர்மீடியட்டின் ரப்பர் இளசு, குறைந்த சூட்டிலேயே பிடிக்கும். அதே காரணத்தால் ரோடு காய்ந்தால் வெந்து கரைந்துவிடும்; டயரை ஆற வைக்க ஓட்டுநர்கள் ஈரமான இடத்தைத் தேடித்தேடிப் போவார்கள்.

ஹஜார் இன்டர்மீடியட்டில்தான் வந்தார். ஆனால் மெதுவான சுற்றில் டயர் சூடேறவில்லை. ஈரம் வேறு இருக்கிற சூட்டை உறிஞ்சுகிறது. போதாததற்கு, காரைத் தரையோடு அமுக்குவது இறக்கைகளின் மேல் பாயும் காற்று. மெதுவாகப் போனால் அந்த அமுக்கமும் கிடைக்காது. அனுபவசாலியான கார்லோஸ் சைன்ஸ்கூட அன்று பாதுகாப்புக் காருக்கு (விபத்து நடந்தால் முன்னால் வந்து எல்லோரையும் மெதுவாக்கும் கார்) பின்னால் போகும்போதுதான் சுவரில் மோதினார். மெதுவாகப் போனால் பத்திரம் என்பது நம் பஸ்ஸுக்குச் சரி, இந்தக் கார்களுக்குச் சரிப்படாது.

ரோடு காய்ந்து எல்லோரும் ஸ்லிக்குக்கு மாறிய பிறகு, 44ஆம் சுற்றில் மழை திரும்ப வந்தது. ஆனால் ஒரு பக்கம் மட்டும். வட்டவளையில் கொட்டும், ஹட்டனுக்கு ஏறி வந்தால் தூசி பறக்கும், அப்படி. முன்னால் போன மெக்லாரன் அணிக் கார்கள் இரண்டும் ஒரே வளைவில் வெளியே போயின. சொந்த ஊர்க்காரர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி புல்லில் சிக்கி, பின்னோக்கி ஓட்டி வெளியே வந்து ஒன்பதாவதாக முடித்தார். லாண்டோ நோரிஸ் எப்படியோ ரோட்டுக்குத் திரும்பி, உடனே டயர் மாற்றும் இடத்துக்கு உள்ளே போய் இன்டர்மீடியட் போட்டார். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் காய்ந்த பகுதியை நம்பி ஸ்லிக்கிலேயே தொடர்ந்தார்.

மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "உள்ள போ தம்பி, உள்ள போ" என்று டிவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். மழை வலுத்தது, வெர்ஸ்டாப்பனும் உள்ளே வந்தார், முதலிடம் நோரிஸுக்குத் திரும்பியது. 57 சுற்று முடிவில் இருவருக்கும் இடையே 0.895 வினாடி.