மின்பூச்சு அன்று, மின்படிவு

"பித்தளையை நச்சற்ற திரவத்தில் கரைத்து மின்பூச்சு செய்யும் முறை." சென்ற வாரம் ஒரு மொழிபெயர்ப்பில் இப்படிப் படித்தேன். ஒரே வரியில் எத்தனை பிழை!

மின்சாரத்தால் ஒரு பொருளின்மேல் உலோகத்தைப் படியவைப்பதை முலாம் பூசுதல் என்பார்கள். 'முலாம்' அரபு மொழியின் 'முலம்மா'விலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல். கவரிங் நகைக்கடை வரை புழங்குகிறது. அதை வேற்றுமொழி என்று ஒதுக்கியவர்களுக்கு உகந்த சொல்தான் மின்பூச்சு. தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் தமிழ்ச்சொல் என்பதற்காகவே அது தவறான பொருளைத் தரலாமா?

பூசுவதற்கு, பூசும் பொருள் முதலில் கையில் இருக்க வேண்டும். சந்தனத்தை அரைத்த பிறகே பூசுகிறோம். இங்கோ கரைசலில் பித்தளையே இல்லை. செம்பின் உப்பும் துத்தநாகத்தின் உப்பும்தான் கரைந்திருக்கின்றன. எதிர்மின்வாயில் தொங்கும் இரும்புச் சாவியின்மேல் இரண்டும் ஒருசேர வந்து படியும்போதுதான் பித்தளை பிறக்கிறது. மின்னோட்டத்தை மாற்றினால் அவற்றின் பங்கு மாறும். சாவியின் மஞ்சள் சிவக்கும், அல்லது வெளிறும். பூச்சுக்காரன் கையில் இப்படி நடக்குமா? ஆற்றில் வண்டல் படிகிறது, கெண்டியில் உப்பு படிகிறது. அந்த வினையே இதற்கும் பொருந்தும்: மின்படிவு. இன்னொன்று: இரும்புக் கதவுகளுக்கு அடிக்கும் பொடிப்பூச்சிலும் பொடிக்கு மின்னேற்றம் கொடுத்துத்தான் ஒட்டவைக்கிறார்கள். அதையும் மின்பூச்சு என்றால் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

பித்தளை போன்றவற்றை உலோகக்கலவை என்பதையும் நான் ஏற்கவில்லை. கொத்தனார் மணலும் சிமென்டும் சேர்த்துக் குழைப்பது கலவை. இலங்கைத் தமிழர் வழங்கும் 'கலப்புலோகம்' எவ்வளவு கச்சிதம்!

'நச்சற்ற' என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. செம்பின் மின்முனை அழுத்தம் +0.34 வோல்ட், துத்தநாகத்தினுடையது −0.76 வோல்ட். எண் கூடியதே எளிதில் படியும். வெறும் உப்புக்கரைசலில் செம்பு முந்திக்கொண்டு படிந்துவிடும். செம்பை இறுகப் பிடித்து இரண்டின் அழுத்தத்தையும் நெருங்கவைக்கத்தான் சயனைடு சேர்த்தார்கள். இப்போது சிலர் அந்த வேலைக்குப் பைரோபாஸ்பேட், சிட்ரேட் போன்ற உப்புகளை வைத்துச் சயனைடை விலக்குகிறார்கள். ஆனால் செம்பு உப்பு அப்படியே இருக்கிறது. அது மீனுக்கு நஞ்சு. 'நச்சற்ற' என்ற சொல்லை நம்பி, மீந்த கரைசலை ஒருவர் வாய்க்காலில் கொட்டிவிட்டால்? மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியை மூடிவைத்துவிட்டு ஒருமுறை பட்டறைக்குள் போய்ப் பார்க்கட்டும். 'சயனைடற்ற கரைசலில் கலப்புலோக மின்படிவு' என்று எழுதுங்கள்.