கின்னிக்கோழிக்கு ஒன்றும் ஆகாது என்று இனிச் சொல்லாதீர்கள்

ஐப்பசி அடைமழை நாளொன்றின் காலையில் ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு என் கால்நடை மருந்தகத்துக்கு வந்தவர், அதைத் திறப்பதற்கு முன்பே, "ஒன்றும் ஆகாது என்றுதானே விற்றவர் சொன்னார்" என்றார். உள்ளே 31 கின்னிக்கோழிக் குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. வாங்கியவை 40. வயது 9 நாள். முந்தைய நாள் காலையில் வளர்ப்புத் தாயான நாட்டுக்கோழியோடு புல்தரையில் மேயவிட்டிருக்கிறார். ஒரு குஞ்சை அறுத்துப் பார்த்தேன். இரைப்பையில் அரிசிக் குருணையைத் தவிர வேறெதுவும் இல்லை. இந்த மழைக்காலத்தில் இப்படி என்னிடம் வந்த நான்காவது பெட்டி இது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"காட்டுப் பறவை, நோயே வராது, தானே பிழைத்துக்கொள்ளும்" என்ற பேச்சை ஒவ்வொரு சந்தையிலும் கேட்கிறேன். பாதி உண்மையாக இருப்பதால்தான் அது இவ்வளவு கேடு செய்கிறது. ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிகளிலிருந்து வந்த இந்தப் பறவை, நன்றாகச் சிறகு முளைத்துவிட்டால், நாட்டுக்கோழியைவிடக் கெட்டியானதுதான். நம் ஊர் வெயிலைத் தாங்கும், தூரம் போய் மேயும், அந்நியரோ பாம்போ வந்தால் ஊரைக் கூட்டும். ஆனால் அந்தக் கெட்டித்தன்மை வளர்ந்த பறவைக்கு உரியது. முதல் ஆறு வாரத்தில் கோழிக்குஞ்சைவிட இது மென்மையானது. ஈரமும் குளிரும் பட்டால் சில மணி நேரத்திலேயே சுருண்டுவிடும். பனி படிந்த புல்லில் நடந்து அடிவயிற்றுத் தூவி நனைந்த குஞ்சைத் தாய்க்கோழியின் சிறகுச் சூடு மட்டும் காப்பாற்றிவிடாது. உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய காதம்பரி, சுவேதாம்பரி போன்ற இனங்களை வாங்கியவர்களும் "இது ஆராய்ச்சி நிலைய இனம், தாங்கும்" என்கிறார்கள். இனம் எதுவானாலும் குஞ்சு குஞ்சுதான்.

இதே பேச்சின் இன்னொரு விளைவு தடுப்பூசியைத் தவிர்ப்பது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை வெள்ளைக்கழிச்சலுக்கு எதிராக நடத்தும் முகாமில், கோழிகளை எல்லாம் பிடித்துக் கொடுப்பவர்கள் கின்னிக்கோழிகளை மட்டும் "அதற்குத்தான் நோயே வராதே" என்று மரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். வெள்ளைக்கழிச்சல் கின்னிக்கோழிக்கும் வரும். பெரிதாக வெளியில் காட்டிக்கொள்ளாமல் உடன் மேயும் கோழிகளுக்கு அது கடத்திவிடவும் கூடும். குடற்புழுவும் ரத்தக்கழிச்சலும் இதற்கும் வரும். தயவுசெய்து இந்தப் பறவைகளையும் பிடித்துக் கொடுங்கள். பிடிக்கும்போது காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். இதன் கால் எளிதில் முறியும், மூட்டு விலகும். இரண்டு இறக்கைகளையும் சேர்த்து உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும்.

அடை வைப்பதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். கோழி முட்டை பொரிக்க 21 நாள், கின்னிக்கோழி முட்டைக்கு 26 முதல் 28 நாள். இரண்டையும் ஒரே நாளில் ஓர் அடைக்கோழியின் கீழ் வைத்தால், தன் குஞ்சுகள் பொரித்ததும் அது எழுந்து போய்விடும். கின்னிக்கோழி முட்டைகள் முக்கால் வளர்ச்சியிலேயே குளிர்ந்து கெடும். அதைப் பார்த்துவிட்டு "முட்டை கூமுட்டை" என்று வந்து சொல்பவர்கள் உண்டு. கின்னிக்கோழி முட்டையை ஒரு வாரம் முன்னதாகவே வையுங்கள், அல்லது தனியாக வையுங்கள். ஓடு தடித்தது என்பதால் விளக்கொளியில் கரு பார்ப்பது கோழி முட்டையைவிடக் கடினம்; பொறுமை வேண்டும். கரு கூடாத முட்டைகள் நிறைய இருந்தால் சேவல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தோற்றத்தில் இரண்டு பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், "ஜோடி" என்று வாங்கி வந்தவை இரண்டும் ஒரே பாலாக இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெட்டை மட்டுமே இரண்டு அசையாகக் கூவும். சேவல் ஒற்றை அசையில்தான் கத்தும். எட்டு வாரத்துக்கு மேல் காதுகொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும். நான்கைந்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

பொரித்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு கொடுத்து, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து வர வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சுகளையே பாருங்கள்: பல்பின் கீழ் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெருக்கினால் சூடு போதவில்லை, ஓரங்களில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். தகட்டால் வட்டமாக அடைப்புக் கட்டுங்கள், மூலை வேண்டாம். பயந்தால் மூலையில் குவிந்து ஒன்றையொன்று மூச்சடைத்துக் கொன்றுவிடும். செய்தித்தாளை மட்டும் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் விரிந்துபோகும். உமியின் மேல் சாக்கு விரித்தால் பிடிமானம் கிடைக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடுங்கள். இல்லையென்றால் விழுந்து நனைந்து செத்துவிடும்.

தீவனத்தில்தான் என் மனம் அதிகம் வருந்துகிறது. இந்தக் குஞ்சுக்கு முதல் நான்கு வாரம் ஏறத்தாழ 24 விழுக்காடு புரதம் தேவை. அரிசிக் குருணையில் இருப்பது ஏழெட்டு விழுக்காடுதான். வயிறு நிறைந்திருக்கும், குஞ்சு வளராது, சூட்டையும் தக்கவைக்காது. அவித்த முட்டையை உதிர்த்துப் போடலாம். பானையில் சாணமும் ஓலையும் அடைத்துக் கவிழ்த்துவைத்துக் கரையான் பிடித்துப் போடும் நம் ஊர் வழக்கம் மிக நல்லது. ஆனால் இவை துணை உணவுதான். முதன்மையாகப் புரதம் மிகுந்த குஞ்சுத் தீவனம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தைப் போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கறிக்கோழித் தீவனம் வாங்கினால் மூட்டையில் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று கேட்டறிந்தே வாங்குங்கள். ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கலக்கும் மோனென்சின் கோழிக்கு ஒத்துக்கொள்ளும், கின்னிக்கோழியைக் கொன்றுவிடும். எழுதப்படாத மூட்டையை நம்பி வாங்காதீர்கள்.

சிறகு மூடிய பிறகும் உடனே திறந்துவிடாதீர்கள். புதிய இடத்தில் சில வாரம் கூண்டிலேயே வைத்து, மாலையில் ஒரு கைப்பிடி கம்பு போட்டு உள்ளே அடையப் பழக்கினால்தான் மரத்தில் தங்கி ஆந்தைக்கும் மரநாய்க்கும் இரையாகாமல் திரும்பி வரும். மழை நாளில் பனி உலர்ந்து வெயில் ஏறிய பிறகே வெளியே விடுங்கள்.

குஞ்சுகள் சாகத் தொடங்கினால் முதல் நாளிலேயே வாருங்கள், பத்து செத்த பிறகு அல்ல. செத்ததை நெகிழிப் பையில் கட்டி, பனிக்கட்டி வைத்த பெட்டியில் கொண்டுவாருங்கள். உறைய வைத்தால் உள்ளுறுப்புகளைச் சரியாகப் பார்க்க முடியாது. நோய்வாய்ப்பட்டு இன்னும் உயிரோடு இருக்கும் இரண்டு குஞ்சுகளும், அவை தின்ற தீவனத்தில் ஒரு பிடியும், அந்த மூட்டையின் சீட்டும் உடன் இருந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.