பேஸ்மட்டம் எத்தனை அடி?

சென்னைப் புறநகர் முடிச்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் வெளிச்சுவரில், 2015 டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு இன்னும் தெரிகிறது. மூன்று தடவை பெயிண்ட் அடித்தும் போகவில்லை. அந்த வீட்டுப் பையன் இப்போது பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார். கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "பேஸ்மட்டத்தை இதுக்கு மேல ஏத்திட்டா போதும்தானே சார்? அதான் நூறு வருஷ வெள்ளம் வந்துட்டுப் போயிடுச்சே."

கட்டட எஞ்சினியராக இதை அடிக்கடி கேட்கிறேன். நூறு வருஷ வெள்ளம் என்றால் அடுத்தது 2115-இல்தான் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். 30 வருஷ வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த நூற்றில் ஒன்றுகூடப் பழைய மழைக் கணக்கு. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பெய்யும்போது அதையும் சேர்த்துக் கொட்டும். நூற்றில் ஒன்று இரண்டாகிவிட்டால் 26 என்பது 45 ஆகிவிடும். ஒன்றா இரண்டா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதற்காகக் கான்கிரீட் போடும் தேதி காத்திருக்குமா?

அதனால் பின்னால் மாற்றக் கஷ்டமானது எது என்றுதான் முதலில் பார்ப்பேன். 1000 சதுர அடி வீட்டை இப்போது ஒரு அடி கூடுதலாக ஏற்ற 10 யூனிட் மண் (ஒரு யூனிட் நூறு கன அடி), தட்டினால் அமுங்குவதால் இன்னும் கொஞ்சம், சுற்றிலும் ஒரு அடிச் சுவர். பத்து வருஷம் கழித்து அதே ஒரு அடிக்கு வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும், தரையைத் திரும்பப் போட வேண்டும். மீட்டர் பெட்டியை உயரத்தில் வைப்பதும் சம்ப் வாயை உயர்த்திக் கட்டுவதும் இப்போது செலவே இல்லை என்று சொல்லலாம். பம்பு, ஜெனரேட்டர் அப்படியில்லை. அவற்றுக்கு இடம் மட்டும் விட்டால் போதும், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

லண்டனில் தேம்ஸ் நதிக்கு 2012-இல் போட்ட வெள்ளத் திட்டமும் ஏறக்குறைய இதே வழிதான். கடல் மட்டம் இவ்வளவு உயரும் என்று ஒரே எண்ணில் பணத்தைக் கட்டாமல், அளந்துகொண்டே போய் அடுத்த வேலையை முடிவு செய்கிறார்கள்.

மனை முழுக்க மண் கொட்டி மேடாக்குவதை மட்டும் தடுத்துவிடுவேன். நம் மனையில் நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டு ஹாலுக்குப் போகும். இவருக்குப் பக்கத்து வீடு அப்பாவுடையது என்பதால் வாதாட வேண்டியிருக்கவில்லை. இன்னொன்று, பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத் தெருவே உயர்ந்துவிடுகிறது. பருவநிலையை யோசிப்பதற்கு முன்பே இதற்கென்று அரை அடி ஒதுக்கிவிடுவேன்.

கோட்டைத் தாண்ட ஐந்தரை அடி ஏற்ற வேண்டும். பதினோரு படி. அவருடைய அம்மாவுக்கு முட்டி வலி. கடைசியில் மூன்றரை அடி என்று முடிவானது. மீட்டர், சுவிட்சு, பீரோ வைக்கும் மேடை எல்லாம் கோட்டுக்கு மேலே. மிச்ச ஆபத்துக்கு வெள்ளத்தையும் சேர்த்த வீட்டுக் காப்பீடு. அம்மாவுக்குச் சாய்தளம் போடலாம் என்றால், அடிக்குப் பன்னிரண்டு அடி என்ற கணக்கில் 42 அடி நீளம் வேண்டும், மனையில் இடமில்லை. சரி, ஏழு படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. கம்பி வளைக்கும் முன் அம்மாவே வந்து நின்று பார்த்து, கைப்பிடியை இரண்டு அங்குலம் இறக்கச் சொன்னார்.