எச்ஈஐசியும் ஜேபெக்கும்: சொல் விளக்கம்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கொமினிகேசன் கடையில் ஐபோன் படத்தைப் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தால், "இது திறக்குதில்ல தம்பி, ஜேபெக்கா அனுப்புங்க" என்று பதில் வரக்கூடும். படத்தில் பழுது எதுவும் இல்லை. கோப்பின் பெயருக்குப் பின்னால் எச்ஈஐசி என்று நாலெழுத்து நிற்கிறது, கடைக் கணினிக்கு அது புரியவில்லை. அவ்வளவுதான்.

ஜேபெக் என்பது உண்மையில் ஒரு குழுவின் பெயர். 1986இல் கூடிய 'ஜாயிண்ட் ஃபோட்டோகிராஃபிக் எக்ஸ்பெர்ட்ஸ் குரூப்', அதாவது கூட்டு ஒளிப்பட வல்லுநர் குழு, ஆக்கிய தரம் (ஸ்டாண்டர்ட்) 1992இல் வெளிவந்தது. பழைய டொஸ் கணினிகள் பின்னொட்டுக்கு மூன்றெழுத்துக்கு மேல் இடம் கொடுக்கவில்லை. ஜேபிஜி வந்தது அதனால்தான். இரண்டும் ஒன்றே.

எச்ஈஐசியின் தாய் ஹீஃப், 'ஹை எஃபிஷியன்சி இமேஜ் ஃபைல் ஃபார்மட்'. வீடியோ, ஒலித் தரங்களை வகுக்கும் எம்பெக் குழு 2015இல் முடித்த தரம் இது. தமிழில் உயர்திறன் படக்கோப்பு எனலாம். ஹீஃப் ஒரு கொள்கலன் மட்டுமே, உள்ளே பல முறைகளில் சுருக்கிய படங்கள் இருக்கலாம். 2013இல் வந்த எச்ஈவிசி என்ற வீடியோச் சுருக்க முறையால் சுருக்கிய படம் இருந்தால் அதற்கு எச்ஈஐசி என்று பெயர். கடைசி எழுத்தைக் கொள்கலன் என்று விரிப்பவர்களும் உண்டு, குறியாக்கம் என்று விரிப்பவர்களும் உண்டு. ஆப்பிள் 2017இல் ஐஓஎஸ் 11உடன் இதைக் கொண்டுவந்தது. ஜேபெக்குக்குத் தேவைப்படுவதில் ஏறக்குறைய பாதி இடத்திலேயே அதே தெளிவோடு படம் நிற்கும். ஆனால் எச்ஈவிசிக்குக் காப்புரிமைக் கட்டணச் சிக்கல் இருக்கிறது. அதனால்தான் பல விண்டோஸ் கணினிகளில் தனி நீட்சி (எக்ஸ்டென்ஷன்) நிறுவாமல் இந்தப் படங்கள் திறப்பதில்லை.

சரி, ஃபார்மட்டுக்குத் தமிழ் என்ன? லத்தீனில் 'உருவாக்கப்பட்டது' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து, அச்சுத்தொழிலில் புத்தகத்தின் அளவையும் அமைப்பையும் குறிக்க வந்த சொல் அது. தமிழில் 'கோப்பு வடிவம்' நிலைத்துவிட்டது. வடிவம் என்றால் வட்டமும் சதுரமும் நினைவுக்கு வருவது ஒரு தொல்லைதான். 'அமைப்பு' எனலாம் என்றால், போனில் செட்டிங்ஸுக்கு அந்தச் சொல் போய்விட்டது. எழுத்தில் வடிவம் இருக்கட்டும், பேச்சில் 'கோப்பு வகை' போதும். கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர். எங்கள் பக்கத்துக்கு இந்த வகை வாக்குவாதம் புதிதல்ல.

'கன்வர்ட்' என்பதற்கு உருமாற்றம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது புழு வண்ணத்துப்பூச்சியாவதைப் படித்த பாடப்புத்தகச் சொல். இங்கே படத்தின் உரு மாறுவதில்லை. 'மாற்றுதல்' போதும், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு: கோப்பின் பெயரில் எச்ஈஐசியை அழித்து ஜேபிஜி என்று எழுதினால் மாறுவது பெயர் மட்டுமே. உண்மையில் நடக்க வேண்டியது, சுருக்கிய படத்தை விரித்து, ஜேபெக் முறையில் மறுபடி சுருக்குவது. இதற்குத் துல்லியமான சொல் மறுகுறியாக்கம். ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கைவிடுகிறது. இதுவே 'இழப்புச் சுருக்கம்'. திருத்தித் திருத்தி ஜேபெக்காகவே சேமித்தால் தரம் தேயும். மூலப்படத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு முறை மாற்றுவதே நல்லது.

அப்புறம், 'கம்பாட்டிபிள்'. இணக்கமான, ஒத்தியலும் என்றெல்லாம் சொல்கிறார்கள். 'எங்கும் திறக்கும்' என்பதே எனக்குப் பிடிக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தெரிவுசெய்தால், அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே வரும். ஏற்கெனவே எடுத்த படங்கள் மாறா. அவற்றை ஃபைல்ஸ் செயலியில் சேமித்து, படத்தை அழுத்திப் பிடித்து 'குவிக் ஆக்ஷன்ஸ்' போனால் 'கன்வர்ட் இமேஜ்' கிடைக்கும், ஐஓஎஸ் 16 முதல். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதுவே ஜேபெக் ஆக்கிவிடும், கூடவே அளவையும் குறைத்துவிடும். பெரிதாக பிரிண்ட் போட வேண்டிய கல்யாணப் படத்துக்கு அந்த வழி சரிவராது.